சர்வீஸுக்கு வண்டி விடும்போது வாயால் சொன்னால் போதாது, ஜாப் கார்டில் எழுத வையுங்கள்

காரை சர்வீஸுக்கு விட்டு எடுத்தவர்களிடம் பேசிப் பாருங்கள், அதே புகார்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சொன்ன வேலையைச் செய்யவில்லை, சொல்லாத வேலைக்குப் பில் போட்டிருக்கிறார்கள், சாயந்திரம் தருகிறோம் என்றவர்கள் மறுநாள் மதியம்தான் கொடுத்தார்கள், எந்தச் சத்தத்துக்காக விட்டோமோ அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. மதுரையில் பைபாஸ் ரோட்டில் விட்டாலும் சரி, கப்பலூர்ப் பக்கம் விட்டாலும் சரி, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் வேலை பார்க்கிற முறை ஏறக்குறைய ஒன்றுதான். அந்த முறையைத் தெரிந்துகொண்டால் பாதித் தலைவலி குறையும்.

உங்களிடம் பேசுகிறவர் வேறு, வண்டியில் கை வைக்கிறவர் வேறு. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. காலையில் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறாரே, அவர் சர்வீஸ் அட்வைசர். உங்களுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும், அவர் அவசரத்தில் இருப்பார். உள்ளே வேலை பார்க்கிற டெக்னீஷியனுக்கு உங்களைத் தெரியாது, நீங்கள் சொன்னது எதுவும் காதில் விழுந்திருக்காது, அவருக்குக் கிடைப்பது ஜாப் கார்டில், அதாவது வண்டியில் பார்க்க வேண்டிய வேலைகளைக் குறிக்கிற தாளில், உள்ள வரி மட்டும்தான். "ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் லொடக்குன்னு ஒரு சத்தம், காலைல வண்டி எடுத்ததும் வரும், கொஞ்ச நேரம் ஓடினா குறைஞ்சிரும்" என்று நீங்கள் எவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்தாலும் டேப்லெட்டில் ஏறுவது 'சஸ்பென்ஷன் நாய்ஸ் செக்' என்கிற மூன்று சொல். மத்தியானம் சூடான வண்டியை லிஃப்டில் ஏற்றி, நட்டு போல்ட்டெல்லாம் டைட் வைத்து, சத்தம் எதுவும் கேட்கவில்லை என்றதும் 'செக்டு, ஓகே' என்று எழுதி இறக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வந்த தகவல் அவ்வளவுதான்.

அதனால் வீட்டிலேயே ஒரு தாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ புகாரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது வருகிறது, வண்டியின் எந்தப் பக்கம், எந்த வேகத்தில், ஏ.சி. போட்டா போடாமலா, வண்டி சூடானதும் மாறுகிறதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'ஸ்டீயரிங் ஷேக்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. 'மேலூர் நான்கு வழிச் சாலையில் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, 60-ல் இல்லை' என்று எழுதினால் படிக்கிறவர் முதலில் வீல் பேலன்சிங் பக்கம் போவார். 'கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது, பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்குகிறது' என்றால் அது டிஸ்க் சம்பந்தப்பட்டது, அவர் பார்க்கிற இடமே மாறிவிடும். கையை விட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்பது இன்னொரு கதை, அது அலைன்மென்ட்டாகவோ டயராகவோ இருக்கும். நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை, 'கிளட்ச் போச்சு, மாத்துங்க' என்று நீங்களே சொல்லிவிடவும் கூடாது, அப்படிச் சொன்னால் மாற்றிவிட்டுக் கோளாறு போகாவிட்டால் 'நீங்கதான சார் மாத்தச் சொன்னீங்க' என்பார்கள். என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அட்வைசர் சுருக்கி எழுதினால் 'வாடிக்கையாளர் கொடுத்த தாள் இணைப்பு' என்று ஜாப் கார்டில் ஒரு வரி சேர்த்து, அந்தத் தாளைப் பின் போடச் சொல்லுங்கள். செய்வார்கள், அமைதியாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சத்தம் என்றால் போனில் வீடியோ எடுத்து அட்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும்.

இன்னும் நல்லது, டெக்னீஷியனையோ ஃப்ளோர் இன்சார்ஜையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வருவது. சத்தத்தை ஒருதரம் அவர் காதால் கேட்டுவிட்டால் வேலை சரியான இடத்தில் தொடங்கும்.

உசிலம்பட்டியில் இருக்கும் என் சித்தப்பாவின் வண்டியில் ஏ.சி. பிரச்சினை. சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் அனல் காற்று வரும், வண்டி ஓடினால் ஓரளவு குளிரும். மதுரைக்குக் கொண்டுவந்து விடுவார், ஒவ்வொரு தடவையும் கேஸ் ஏற்றி, ஃபில்டர் சுத்தம் செய்து, பில் போட்டுக் கொடுப்பார்கள், ஊர் போய்ச் சேர்வதற்குள் பழைய கதைதான். காலை ஒன்பது மணிக்கு நிழலான ஷெட்டுக்குள் போட்டுப் பார்த்தால் எந்த ஏ.சி.யும் குளிரத்தான் செய்யும். கடைசியில் ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்து, "தம்பி, இப்பப் பாத்தா நல்லாத்தான் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெயில்ல நிப்பாட்டி, ஏ.சி.யப் போட்டுக் கால் மணி நேரம் உள்ள உக்காந்து பாருங்க" என்று சொல்லி, அதையே ஜாப் கார்டிலும் எழுத வைத்தார். அந்த மேனேஜர் சொன்னபடி உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அவர் சட்டை நனைந்துவிட்டது, பானெட்டைத் திறந்து பார்த்தால் ஏ.சி. கண்டென்சரைக் குளிர்விக்கிற ஃபேன் சுற்றவே இல்லை. ஒரு ரிலே போயிருந்தது, சின்னச் செலவு. அதற்கு முன் ஏற்றிய கேஸுக்கெல்லாம் கொடுத்த பணம் போனது போனதுதான்.

எஸ்டிமேட்டில் பார்க்க வேண்டியவை

ஃப்ரீ சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்குப் பணம் உண்டு, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கவனிக்க வேண்டியது அதற்கு மேல் வருகிற வரிகளைத்தான். என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. டிஸின்ஃபெக்டன்ட், அண்டர்பாடி கோட்டிங், பெயின்ட் பாலிஷ், என்ஜின் டிரெஸ்ஸிங். அட்வைசருக்கு இதிலெல்லாம் மாத டார்கெட் இருக்கும், அவர் சம்பளத்தில் ஒரு பகுதி அதை நம்பி இருக்கும், அதனால் அவர் சொல்லத்தான் செய்வார். கோபப்பட வேண்டாம். வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலின் பின்பகுதியில் எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்கிற அயிட்டம் அதில் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பாருங்கள். இல்லை என்றால் "இப்ப வேண்டாம் தம்பி, மேனுவல்ல இருக்கிறத மட்டும் போடுங்க" என்றால் போதும். இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சர்வீஸுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மிஞ்சும்.

பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். புதுப் பேட் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், இரண்டு மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும், ஆறு இருக்கிறது என்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். பில்லில் ஆயில் அளவையும் பாருங்கள். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டருக்குள்தான் பிடிக்கும், சரியான அளவு மேனுவலில் இருக்கும், அதற்கு மேல் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான், முன்பு உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் வரை இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாக் கார் உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம்தான். லேபருக்கும் 18.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஜாப் கார்டில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலையும் என்னைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பது ஒன்று. மாற்றிய பழைய பார்ட்ஸை எனக்குத் தர வேண்டும் என்பது மற்றொன்று. வாரன்டியில் மாற்றிய பார்ட்ஸைத் தர மாட்டார்கள், அது கம்பெனிக்குத் திரும்பிப் போகும், நீங்கள் காசு கொடுத்து மாற்றியது உங்களுடையது. மதியம் போன் வரும், "சார், லோயர் ஆர்ம் புஷ் போயிருச்சு, மாத்திரலாமா?" என்பார்கள். உடனே சரி என்று சொல்லாதீர்கள். போட்டோ, விலை இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, எழுத்தில் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தால் நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

வண்டியை ஒப்படைக்கும்போது

நாலு பக்கமும், டாஷ்போர்டில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிகிற மாதிரியும் போட்டோ எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம், ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் படம் எடுத்து வைத்தால் பின்னால் பேச்சு இருக்காது. பேட்டரியின் சீரியல் நம்பரும் அப்படியே. டெஸ்ட் டிரைவ் என்று ஐந்தாறு கிலோமீட்டர் கூடியிருந்தால் அது நியாயம், அதற்கு மேல் போனால் கேட்கலாம். ஃபாஸ்டேக் மெசேஜ் வருகிற போன் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும், சர்வீஸில் நிற்க வேண்டிய வண்டி டோல்கேட்டைத் தாண்டினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

நாளையும் பார்த்துப் போக வேண்டும். சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் கூட்டம் நெரியும். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஊருக்குப் போகிற வண்டியெல்லாம் உள்ளே நிற்கும், கார்த்திகை மார்கழியில் சபரிமலை போகிற வண்டிகள். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது, வேலைக்கு ஆளும் பாதிதான் வருவார்கள். செவ்வாய், புதன் காலை முதல் ஆளாகப் போய் நிற்பதுதான் நல்லது. வண்டி தாமதமாவது பெரும்பாலும் வேலையால் அல்ல, வாட்டர் வாஷ் வரிசையால்தான், அவசரம் என்றால் "வாஷ் வேண்டாம்" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரமாவது மிஞ்சும்.

'அது நார்மல்தான் சார்'

மனசை நோகடிக்கிற பதில் இதுதான். வாரன்டி முடிய ஆறு மாதமோ ஒரு வருடமோ இருக்கும், கியர் பாக்ஸில் ஒரு சத்தம், காட்டினால் 'இந்த மாடல்ல அப்படித்தான் இருக்கும்', அடுத்த சர்வீஸிலும் அதே பதில், வாரன்டி முடிந்ததும் 'பேரிங் போயிருக்கு, கியர் பாக்ஸ இறக்கணும்' என்று ஒரு பெரிய தொகை. இதற்கு நான் சொல்வது இரண்டு. முதலாவது, ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு அதே மாடல் வண்டி நிற்கும், அதை எடுக்கச் சொல்லி அட்வைசரோடு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அதிலும் அதே சத்தம் இருந்தால் சரி, நார்மல்தான், மனசு ஆறிவிடும். இல்லை என்றால் 'நார்மல்' என்கிற பேச்சு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவது, சோதித்துப் பார்த்து நார்மல் என்று முடிவு செய்ததை ஜாப் கார்டிலேயோ பில்லிலேயோ எழுதித் தரச் சொல்லுங்கள். வாரன்டிக்குள் இந்தப் புகார் சொல்லப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. வாரன்டி முடிந்த பிறகு கோளாறு பெரிதானால் கம்பெனியிடம் வாதாட உங்களிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றே. எழுதித் தர மறுத்தால் அன்று மாலையே அவர்கள் மெயில் முகவரிக்கு, இன்ன தேதியில் இன்ன கிலோமீட்டரில் காட்டினேன், இன்னபடி சொன்னீர்கள் என்று நான்கு வரி அனுப்பிவிடுங்கள்.

வாரன்டியை வண்டி வாங்கிய டீலரிடம்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். மதுரையில் ஒருவர் அலைய வைத்தால் திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று போய்ப் பாருங்கள், வண்டியின் சர்வீஸ் விவரம் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கும், அங்கேயும் தெரியும். சின்ன ஊரில் கூட்டம் குறைவு, பொறுமையாகவும் பார்க்கிறார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பணம் கட்டி, கேட் பாஸ் வாங்கி, 'திருப்தி' என்கிற தாளில் கையெழுத்தும் போட்டபிறகு கோரிப்பாளையத்தில் போய் சத்தம் கேட்டால் மறுபடியும் நாளை வரிசையில்தான் நிற்க வேண்டும். எந்தப் புகாருக்காக விட்டீர்களோ அதே நிலைமையில் ஓட்டுங்கள், லொடக்கு சத்தம் என்றால் மேடு பள்ளத்தில், அதிர்வு என்றால் நத்தம் ரோடு பறக்கும் பாலம் மாதிரி நீளமான நல்ல ரோட்டில். ஆள் ஒருவரைக் கூட அனுப்பச் சொல்லலாம். இன்சூரன்ஸ் வேலை என்றால் இது இன்னும் முக்கியம், வண்டியைப் பார்க்கும் முன்பே அந்தத் திருப்திக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், போட வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் போன் வரும், அதற்கு முன் அட்வைசரே கூப்பிட்டு "கம்பெனில இருந்து கேப்பாங்க சார், பத்துக்குப் பத்து சொல்லிருங்க" என்பார். அந்த மார்க் அவர்களுக்கு ரொம்பப் பெரிய விஷயம். வேலை நன்றாக நடந்திருந்தால் தாராளமாகப் பத்துப் போடுங்கள், அந்தப் பையனின் பெயரையும் சொல்லுங்கள், அவர் உழைப்புக்கு அது சேர வேண்டும். வேலை முடியவில்லை என்றால் பாவம் பார்த்து மார்க் போடாதீர்கள், அந்த அழைப்பில் உங்கள் புகார் கம்பெனியின் கணக்கில் ஏறுகிறது, நீங்கள் 'நல்லா இருக்கு' என்றால் அதுவும் ஏறுகிறது.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால்

கவுன்டரில் சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை, அங்கே நிற்கிற பையனுக்கு முடிவெடுக்கிற அதிகாரமே கிடையாது. ஒர்க்ஸ் மேனேஜர், அதற்கு மேல் சர்வீஸ் ஜெனரல் மேனேஜர் என்று போங்கள். கார் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் அவ்வப்போது டீலரிடம் வருவார், எந்த நாள் என்று கேட்டு அன்றைக்கு உங்கள் வண்டியைப் பார்க்க வைக்கச் சொல்லுங்கள், டீலர் மறுத்த வாரன்டி அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாஸ் ஆகும். அதே நேரத்தில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். போனில் மட்டும் பேசினால் உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள், அது உத்தரவு இல்லை, ஆனாலும் நிறையப் பிரச்சினை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அமலுக்கு வந்தது 2020 ஜூலையில், நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது, கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. சர்வீஸ் பற்றிய புகாருக்கு சர்வீஸுக்குக் கட்டிய தொகைதான் கணக்கு, வண்டியே குறைபாடு உள்ளது என்று போனால் வண்டியின் விலை கணக்கில் வரும், பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இன்று நாளை என்று இழுத்தடிக்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் இந்தக் கெடுவை மறக்கக்கூடாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மாவட்டத்தில் வந்த தீர்ப்பு சரியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம்.

வழக்குக்கு முன்னால் டீலருக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மனுவோடு ஜாப் கார்டுகள், பில்கள், வாட்ஸ்அப் பேச்சின் பிரின்ட், மெயில்கள், வேறு ஒரு நல்ல மெக்கானிக்கோ ஒர்க்‌ஷாப்போ வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இணையுங்கள். எந்த நாள், எத்தனை கிலோமீட்டரில், என்ன சொன்னேன், என்ன செய்தார்கள் என்று ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டு மேலே வைத்தால் ஆணையத்தில் படிக்கிறவருக்கு விவகாரம் முழுவதும் அந்த ஒரு தாளிலேயே பிடிபட்டுவிடும்.